ஐம்பது கிலோ வலை

வயிற்றிலிருந்து எடுத்து மார்பில் வைத்தார்கள்.
நாத்தனார் நம்பவில்லை.
"இட்டிலித் துணியா, மாத்திப் போட?"

அருஞ்சுனையைச் சுமந்தபோது விழுந்த
வெள்ளைக் கோடுகளில் மூன்று
இப்போது ரவிக்கைக்குள், இடப்பக்கம், குறுக்கே ஓடுகின்றன.
பிள்ளை குடித்த இடம் போய்
பிள்ளை கிடந்த இடம் அங்கே வந்திருக்கிறது.
கொஞ்சம் சதை போட்டால்
அதுவும் சேர்ந்து போடுகிறது.
வயிற்றுப் புத்தி இன்னும் போகவில்லை.

வைத்த இடம் நல்லபடி ஆறிவிட்டது.
எடுத்த இடம்தான்.

நாலாம் மாதம், கீழமாரட் வீதி மண்டியில்
பல்லாரி லோடு இறங்கிக்கொண்டிருந்தது.
வீரணன் ஏதோ கெட்ட பகடி சொன்னான், சிரித்தேன்.
சிரிப்போடு சேர்ந்து
தொப்புளுக்குக் கீழே ஒன்று
எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனது.
அப்புறம் இருமலுக்கு வந்தது.
அப்புறம் கூப்பிடாமலே வந்து
பில் புக்கை முட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

ராத்திரி தங்கமாயன் கை வைத்துப் பார்த்தார்.
"தள்ளுனா உள்ள போகுது."
எடுக்கப் பயந்து கையை அப்படியே வைத்துத் தூங்கினார்,
தாழ்ப்பாள் இல்லாத கதவைப்
பிடித்திருப்பவர் போல.

பெரியாரில் அவனியாபுரம் பஸ் ஏறினேன்.
காலேஜ் பிள்ளை ஒருத்தி எழுந்துகொண்டாள்.
"உக்காருங்கக்கா. எத்தனை மாசம்?"
எனக்கு வயது நாற்பத்தொன்பது.
கர்ப்பப்பை எடுத்து ஆறு வருஷம்.
"அஞ்சு" என்றேன்.
உட்கார்ந்தேன்.
ஜன்னலோரம். கிரைம் பிராஞ்ச் தாண்டும்வரை நல்ல காற்று.
மறுநாளும், அதற்கு மறுநாளும்
யார் எழுந்தாலும் உட்கார்ந்தேன்.
மாசத்தைக் கூட்டிச் சொல்ல மட்டும் மறக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஜெமிமா
என் ரத்தப் பரிசோதனைச் சீட்டின் முதுகில்
படம் போட்டுக் காட்டினார்.
இங்கிருந்த தசையை மேலே கொண்டுபோனார்கள்,
இந்தச் சுவர் மெலிந்துவிட்டது,
இனி ஒரு வலை வைத்துத் தைக்க வேண்டும்.
வலையை வெளிச்சத்தில் பிடித்தார்.
வெள்ளை. கண் கண்ணாக.
எங்கள் மண்டியில் இதுவே சிவப்பு.

"எத்தனை கிலோ தாங்கும்?"

அவர் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
நாசிக்கிலிருந்து மூன்று நாள் குலுங்கி வருகிற
ஐம்பது கிலோச் சாக்கு
முதலில் எங்கே விடும் என்று எனக்குத் தெரியும்.
"மூலையில ரெண்டு தையல் கூடப் போடுங்க."
"சரிங்கம்மா" என்று பேனாவை எடுத்தார்.
எழுதினாரோ, கிறுக்கினாரோ.

கண் விழித்தபோது ரெண்டு குழாய்,
வயிற்றைச் சுற்றிப் பட்டை,
பக்கத்துக் கட்டிலில் பேரையூர்க்காரி
புருஷனோடு போனில் சண்டை.
மூன்றாம் நாள் தும்மல் வந்தது.
வேண்டாம் வேண்டாம் என்று
தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு தும்மினேன்.
பேரையூர்க்காரி சண்டையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.
"என்னா, பிச்சுக்கிருச்சா?"
"இல்ல."
"அப்ப சரி" என்று போனுக்குத் திரும்பினாள்.

ஆறு மாதம் குடம் தூக்கவில்லை.
தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் மரத்துக் கிடக்கிறது.
கிள்ளினால்
வேறு யாரையோ கிள்ளியதுபோல் சங்கடமாக இருக்கிறது.

நேற்று பஸ்ஸில் அதே பிள்ளை.
என் வயிற்றைப் பார்த்தாள்.
கையைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தூக்குவாளி.
தோளைப் பார்த்தாள்.
மறுபடி வயிற்றைப் பார்த்தபோது
அவள் கண் நிறைந்துவிட்டது.
"அக்கா... நல்லபடியா...?"

என் பொய் என்னிடமே
இடம் கேட்டு நின்றது.
எங்கிருந்து தொடங்குவது? மார்பிலிருந்தா, வெங்காயத்திலிருந்தா?
அதற்குள் வில்லாபுரம் வந்துவிடும்.

"நல்லாத் தாங்குது" என்றேன்.

என்ன புரிந்ததோ, எழப்போனாள்.
தோளில் கை வைத்து அமர்த்தினேன்.
"நீ உக்காரு தாயி, நான் நிக்கிறேன்."
மேல் கம்பியை எட்டிப் பிடித்தபோது
வலை ஒருமுறை இழுத்துப் பார்த்தது,
நாலு மூலையிலும்.